ஒரு வரியில் சொல்லும் மாற்றத்துக்கு ஏன் நான்கு மாதம்? எஸ்ஓஏவும் பிபிஎம்மும் சேரும் இடம்

ஒரு காப்பீட்டு நிறுவனம். வாகன விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்கும் மேலாளர் ஐடி துறையிடம் வந்து, "சேதம் சின்னதாக இருந்தால், அதை நேரில் பார்த்து மதிப்பிடும் சர்வேயரை அனுப்ப வேண்டாம், வாடிக்கையாளர் அனுப்பும் போட்டோவே போதும்" என்கிறார். சொல்லி முடிக்கப் பத்து விநாடிகூட ஆகாத மாற்றம். ஐடி துறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நான்கு மாதம் கேட்கிறது.

மேலாளருக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் ஐடி துறையும் சாக்குச் சொல்லவில்லை. 'சர்வேயர் பார்த்த பிறகுதான் பணம்' என்ற விதி மென்பொருளில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இணையதளப் படிவத்தில் 'சர்வேயர் உங்களைத் தொடர்புகொள்வார்' என்று ஒரு வரியாக இருக்கிறது. இரவில் ஓடும் ஒரு நிரல், புதிய கோரிக்கைகளையெல்லாம் திரட்டிச் சர்வேயர்களுக்குப் பங்கிடுகிறது. வாடிக்கையாளருக்குக் கடிதம் தயாரிக்கும் நிரல் சர்வே தேதியை எதிர்பார்க்கிறது. பணம் அனுப்பும் மென்பொருளோ, சர்வே அறிக்கை எண் இல்லாத கோரிக்கையைத் தொடவே தொடாது. ஒவ்வொன்றும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு குழு எழுதியது. அந்த ஒரு விதியைத் தனியாக எடுத்து மாற்ற ஓர் இடமே இல்லை. எல்லாவற்றையும் தொட வேண்டும், தொட்ட எல்லாவற்றையும் மறுபடி டெஸ்ட் செய்ய வேண்டும். நான்கு மாதம் அங்கேதான் போகிறது.

இந்தச் சிக்கலை இரண்டு பக்கத்திலிருந்து தீர்க்கப் பார்ப்பவைதான் எஸ்ஓஏ எனப்படும் சேவைசார் மென்பொருள் கட்டமைப்பும், பிபிஎம் எனப்படும் வணிகச் செயல்முறை மேலாண்மையும். இரண்டையும் தனித்தனியாகப் படிப்பவர்கள் நிறையப் பேர். சேர்த்துப் பார்த்தால்தான் இரண்டும் எதற்கு என்றே விளங்கும் என்பது என் எண்ணம்.

அந்த நிறுவனத்தில் எது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று முதலில் யோசிப்போம். 'இந்த பாலிசி இன்று செல்லுபடியாகுமா?' என்று பார்ப்பது இருபது வருடத்துக்கு முன்பும் இருந்த வேலை, இனியும் இருக்கும். வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புவதும் அப்படித்தான். ஆனால் இந்த வேலைகளை எந்த வரிசையில் செய்வது, எதை எப்போது தவிர்ப்பது, யார் ஒப்புதல் தருவது என்பவை சட்டம் மாறினால் மாறும், போட்டியாளர் ஏதாவது செய்தால் மாறும், புதிய மேலாளர் வந்தாலும் மாறும். மெதுவாக மாறுவதையும் வேகமாக மாறுவதையும் ஒரே நிரலுக்குள் பிசைந்து வைத்தால், வேகமானது மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும். இரண்டையும் பிரித்து வைப்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். மெதுவாக மாறுபவை சேவைகளாகும். வேகமாக மாறுவது செயல்முறையாக வெளியே நிற்கும்.

சேவைகள்

சேவைசார் கட்டமைப்பு என்ற பெயர் 1996இல் கார்ட்னர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ராய் ஷுல்ட்டும் யெஃபிம் நாட்டிஸும் எழுதிய அறிக்கைகளில் வந்தது. அடிப்படை எண்ணம் எளிது. நிறுவனம் செய்யும் ஒவ்வொரு தனி வேலையையும், மற்ற மென்பொருள்கள் அழைத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு சேவையாக வெளியே காட்டு. அழைப்பவருக்கு அந்தச் சேவையின் ஒப்பந்தம் மட்டும் தெரிந்தால் போதும்: என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும், தவறினால் என்ன பதில் வரும். உள்ளே இருப்பது ஜாவாவா, முப்பது வருடப் பழைய கோபால் (COBOL) மொழியா, தரவுத்தளம் எது என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத கவலை.

நம் உதாரணத்தில் பாலிசி சரிபார்ப்பு ஒரு சேவை. பாலிசி எண்ணையும் விபத்து நடந்த தேதியையும் கொடுத்தால், அன்று பாலிசி நடப்பில் இருந்ததா, எதற்கெல்லாம் பாதுகாப்பு உண்டு என்று பதில் வரும். கோரிக்கைப் பதிவு, சேத மதிப்பீடு, பணம் அனுப்புதல், வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்புதல் ஆகியவை மற்ற சேவைகள்.

தொழில்நுட்பம் இங்கே இரண்டாம்பட்சம். 2000களின் தொடக்கத்தில் சேவைகளை விவரிக்கவும் அழைக்கவும் உதவும் சோப், டபிள்யூஎஸ்டிஎல் என்ற எக்ஸ்எம்எல் தரங்கள்தான் எஸ்ஓஏ என்று பலர் நினைத்தார்கள். இன்று இணைய முகவரி வழியாக அழைக்கும் ரெஸ்ட் ஏபிஐயாகவோ, செய்திகளை வரிசையில் வைத்து அனுப்பும் மெசேஜ் க்யூ வழியாகவோ அதே காரியத்தைச் செய்கிறோம். சேவையை எந்த அளவில் வெட்டுகிறோம் என்பதுதான் கடினமான பகுதி. 'வாடிக்கையாளர் அட்டவணையில் ஏழாவது நெடுவரிசையைப் புதுப்பி' என்பது சேவை அல்ல, தரவுத்தளத்துக்குப் போட்ட ஜன்னல். 'வாகனக் கோரிக்கையை முழுவதும் முடித்துக்கொடு' என்பதும் சேவை அல்ல. அது ஒரு முழுச் செயல்முறையை மூட்டை கட்டி வைத்தது. வணிகத் துறையில் இருப்பவரிடம் சேவையின் பெயரைச் சொன்னதும் அவர் தலையாட்ட வேண்டும், 'ஆமாம், அந்த வேலையை நாங்கள் செய்கிறோம்' என்று. வெட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த எளிய சோதனை இது.

செயல்முறை

பிபிஎம் மென்பொருளைவிடப் பெரியது. அது ஒரு நிர்வாகப் பழக்கம்: வேலை இப்போது எப்படி நடக்கிறது என்று கண்டுபிடி, வரை, ஓட்டு, அளந்து பார், மாற்று, மறுபடி அள. மென்பொருள் இல்லாமல் காகிதத்தில்கூட இதைச் செய்யலாம், செய்திருக்கிறார்கள். மென்பொருள் வந்தபோது கிடைத்த பெரிய வசதி, வரைந்த படத்தையே நேரடியாக ஓட்ட முடிந்ததுதான்.

அந்தப் படத்துக்கான பொது மொழி பிபிஎம்என். முதல் பதிப்பு 2004இல் வந்தது. இப்போது புழக்கத்தில் இருக்கும் 2.0 பதிப்பை ஓஎம்ஜி என்ற தர அமைப்பு 2011 ஜனவரியில் வெளியிட்டது. 2013இல் அது ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. பார்க்க ஃப்ளோசார்ட் மாதிரியே இருக்கும். வட்டம் என்றால் ஒரு நிகழ்வு: தொடக்கம், முடிவு, ஒரு செய்தி வந்து சேர்வது, கெடு முடிவது. முனை வளைந்த செவ்வகம் ஒரு பணி. சாய்சதுரம் வழி பிரியும் இடம். முழு விவரக்குறிப்பு பல நூறு பக்கம், ஆனால் பத்துப் பதினைந்து குறிகள் தெரிந்தால் பெரும்பாலான படங்களைப் படித்துவிடலாம்.

இந்தப் படத்தை ஓட்டுவது செயல்முறை எஞ்சின். அது என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் இங்கேதான் 'இதற்கு எதற்குத் தனி மென்பொருள், நிரலில் நாலு இஃப் (if) நிபந்தனை எழுதினால் போதாதா?' என்று கேட்பார்கள். ஒரு கோரிக்கை வந்ததும் எஞ்சின் படத்தின் ஒரு பிரதியைத் தொடங்கும். பாலிசி சரிபார்ப்புச் சேவையை அழைக்கும், பதில் வாங்கும். அடுத்து சர்வேயருக்கு ஒரு பணியை ஒதுக்கிவிட்டுக் காத்திருக்கும். அவர் பன்னிரண்டு நாள் கழித்து அறிக்கை தரலாம். அதுவரை அந்தக் கோரிக்கை எந்தக் கட்டத்தில் நிற்கிறது, இதுவரை சேர்ந்த விவரங்கள் என்ன என்பதெல்லாம் எஞ்சினின் தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கும். நடுவில் சர்வரை நிறுத்தித் திரும்பப் போட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஏழாவது நாள் அறிக்கை வராவிட்டால் மேலதிகாரிக்குத் தகவல் போக வேண்டும் என்றால், பணியின் ஓரத்தில் ஒரு கடிகாரக் குறி போட்டால் போதும். ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் இப்படி வெவ்வேறு கட்டங்களில் ஒரே நேரத்தில் நிற்கும். நாள்கணக்கில் காத்திருக்கும் வேலையை நாலு இஃப் வைத்துச் சமாளிக்கப் பார்த்தவர்கள், கடைசியில் 'நிலை' என்று ஒரு நெடுவரிசை, அதைப் பார்க்கும் இரவு நிரல், அந்த நிரல் நின்றுபோனால் எழுப்ப இன்னொரு நிரல் என்று போய், தங்களுக்கே தெரியாமல் ஓர் அரைகுறை எஞ்சினை எழுதி முடித்திருப்பார்கள்.

ஒன்று மட்டும் இருந்தால்

பிபிஎம் இல்லாத எஸ்ஓஏ என்ன ஆகும்? சேவைகள் இருக்கும், அவற்றைக் கோத்து வேலை வாங்கும் இடம் இருக்காது. அப்புறம் கோக்கும் வேலை சேவைகளுக்குள்ளேயே ஊடுருவும். கோரிக்கைப் பதிவுச் சேவை முடிந்ததும் சர்வேச் சேவையை அழைக்கும், அது பணச் சேவையை அழைக்கும். மேலே பார்த்த சிக்கல் அப்படியே திரும்பி வந்துவிடும், இந்த முறை நெட்வொர்க்கைத் தாண்டி. 2000களில் பல பெரிய நிறுவனங்கள் இந்த வழியில் போய்ச் சலித்துவிட்டன. 2009 ஜனவரியில் ஆன் தாமஸ் மேன்ஸ் என்ற ஆய்வாளர் எஸ்ஓஏ இறந்துவிட்டது என்று ஓர் இரங்கல் குறிப்பே எழுதினார். அவர் புதைக்கச் சொன்னது அந்தப் பெயரையும் அதைச் சுற்றிய ஆரவாரத்தையும்தான். சேவைகள் தேவை என்பதை அவர் மறுக்கவே இல்லை.

எஸ்ஓஏ இல்லாத பிபிஎம் இன்னும் வேடிக்கை. படம் அழகாக இருக்கும். ஒவ்வொரு செவ்வகத்துக்குப் பின்னாலும் ஏதாவது ஒரு பழைய மென்பொருளின் அட்டவணைக்குள் நேரடியாகக் கை விடும் நிரல் இருக்கும். படத்தில் ஒரு பெட்டியை நகர்த்த ஐந்து நிமிடம். பின்னால் இருக்கும் ஒட்டுவேலையைச் சரிசெய்ய இரண்டு மாதம்.

சேரும்போது

சரி, நம் மேலாளரின் கோரிக்கைக்குத் திரும்புவோம். இப்போது சேவைகள் தனியாக இருக்கின்றன, செயல்முறை பிபிஎம்என் படமாக எஞ்சினில் ஓடுகிறது. சேத மதிப்பீட்டுக்கு முன்னால் ஒரு சாய்சதுரம் போடுகிறோம். ஒரு கிளை பழைய சர்வே வழி. இன்னொரு கிளை, போட்டோவைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கும் புதிய சேவைக்குப் போகிறது. இரண்டும் சேர்ந்து, மதிப்பீட்டுத் தொகையோடு ஒப்புதலுக்குப் போகின்றன. பாலிசி சரிபார்ப்பையோ பணம் அனுப்புவதையோ தகவல் அனுப்புவதையோ யாரும் திறக்கவில்லை. எழுத வேண்டியது ஒரு புதிய சேவை, மாற்ற வேண்டியது ஒரு படம்.

'சின்னச் சேதம்' என்றால் எவ்வளவு? இதையும் படத்துக்குள் எழுதிவிடக் கூடாது. தொகை, வாகன வகை, கடந்த வருடத்தில் எத்தனை கோரிக்கை என்ற நிபந்தனைகளை ஒரு முடிவு அட்டவணையாகத் தனியே வைக்கலாம். இதற்கும் ஓஎம்ஜி 2015இல் டிஎம்என் என்று ஒரு தரம் கொண்டுவந்தது. செயல்முறை வருடத்துக்குச் சில முறை மாறும் என்றால், இந்த வரம்புகள் மாதாமாதம்கூட மாறலாம். வேகத்தில் இது மூன்றாவது அடுக்கு.

புதிய படத்தை ஏற்றிவிட்டோம். ஏற்கெனவே பாதி வழியில் நிற்கும் கோரிக்கைகளை என்ன செய்வது? சர்வேயர் நாளைக்கு வருவதாக ஒருவருக்குச் சொல்லியாகிவிட்டது. பெரும்பாலான எஞ்சின்கள் ஒவ்வொரு கோரிக்கையும் தான் தொடங்கிய பதிப்பிலேயே ஓடி முடியும்படி விடும். புதியவை மட்டும் புதிய பதிப்பில் தொடங்கும். பழையவற்றையும் நடுவழியில் மாற்ற வேண்டும் என்றால், எந்தக் கட்டத்தில் நிற்பது புதிய படத்தில் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று நாமே சொல்ல வேண்டும். இது எளிதல்ல, ஆனால் கேள்வி என்ன என்பதாவது தெளிவாகத் தெரிகிறது. விதிகள் நிரலுக்குள் புதைந்திருந்த காலத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கக்கூட மாட்டார்கள்; ரிலீஸுக்கு மறுநாள் தொலைபேசி மணி அடிக்கும்போதுதான் தெரியவரும்.

இப்போது பணம் அனுப்பும் சேவைக்கு வருவோம், அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முன்பு அது சர்வே அறிக்கை எண்ணைக் கேட்டது. அதை அப்படியே சேவையாக்கியிருந்தால் நம் மாற்றம் அங்கே முட்டி நின்றிருக்கும், ஏனென்றால் போட்டோ வழியில் சர்வே எண்ணே கிடையாது. யாரும் அனுமதிக்காத பணம் போகக் கூடாது என்ற கவலை சரியானதுதான். ஆனால் அதற்குத் தேவை ஓர் ஒப்புதல் எண். அந்த ஒப்புதல் சர்வேயர் வழியாக வந்ததா, போட்டோ வழியாக வந்ததா என்பது பணச் சேவைக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரு சேவை தனக்கு முன்னால் எந்தப் படி நடந்தது, பின்னால் எது நடக்கப்போகிறது என்பதைத் தெரிந்துவைத்திருந்தால், செயல்முறை அதற்குள் கசிந்துவிட்டது என்று அர்த்தம். சேவைகளின் ஒப்பந்தங்களை எடுத்து வைத்துக்கொண்டு இந்த ஒரு கேள்வியோடு படித்துப் பாருங்கள். எதிர்காலத்தில் எங்கெல்லாம் சிக்கிக்கொள்வோம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

தவறும்போது

எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் இருந்தபோது ஒரு வசதி இருந்தது: நடுவில் ஏதாவது தவறினால் எல்லாவற்றையும் ஒரே அடியில் பின்வாங்கிவிடலாம். சேவைகளாகப் பிரித்த பிறகு, அதுவும் நாள்கணக்கில் ஓடும் செயல்முறையில், அது நடக்காது. பன்னிரண்டு நாள் ஒரு தரவுத்தளத்தைப் பூட்டி வைக்க முடியாது அல்லவா?

இதற்கான வழியை 1987லேயே ஹெக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதிவிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சாகா. ஒவ்வொரு படிக்கும் அதை ஈடுசெய்யும் ஓர் எதிர்ப்படியை வைத்துக்கொள்; நடுவில் தவறினால், முடிந்த படிகளின் எதிர்ப்படிகளைப் பின்னிருந்து முன்னாக ஓட்டு. ஒதுக்கிய தொகையை விடுவி, பதிந்த சர்வேயை ரத்துசெய். பிபிஎம்என்னில் இதற்கென்றே குறிகள் இருக்கின்றன. சிலவற்றை ஈடுசெய்ய முடியாது. அனுப்பிய எஸ்எம்எஸ்ஸைத் திரும்ப வாங்க வழியில்லை, மன்னிப்புக் கேட்டு இன்னொன்று அனுப்பலாம். அதனால் அப்படிப்பட்ட படிகளை முடிந்தவரை கடைசிக்குத் தள்ளுவார்கள்.

இன்னொன்று: பதில் வராத சேவையை எஞ்சின் மறுபடி அழைக்கும். முதல் அழைப்பில் பணம் போய்விட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால்? பணம் அனுப்பச் சொல்லும் ஒவ்வொரு உத்தரவோடும் ஒரு தனி அடையாள எண் போக வேண்டும், அதே எண் மறுபடி வந்தால் சேவை பணத்தை மறுபடி அனுப்பாமல் பழைய பதிலையே தர வேண்டும். படத்தில் இது தெரியாது, சேவையின் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் இரட்டைப் பணம் என்றைக்காவது ஒரு நாள் நிச்சயம் போகும்.

கருவிகள் வந்த வழி

இரண்டையும் சேர்க்கும் முதல் பெரிய முயற்சி பிபெல். ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், பிஇஏ மூன்றும் 2002இல் கொண்டுவந்த எக்ஸ்எம்எல் மொழி. 2007இல் ஒயாசிஸ் அமைப்பின் தரமாக 2.0 பதிப்பு வந்தது. வெப் சேவைகளைக் கோப்பதற்கு நன்றாகவே இருந்தது, ஆனால் மனிதர் செய்யும் வேலைக்கு அதில் இடமே இல்லை. அதற்குத் தனியாக ஒரு நீட்டிப்பு தேவைப்பட்டது. போதாததற்கு, வணிகத் துறை பிபிஎம்என்னில் வரைந்ததை ஐடி துறை பிபெல்லுக்கு மாற்றி எழுத வேண்டும். அந்த மொழிபெயர்ப்பில் நிறைய விடுபட்டது. பிபிஎம்என் 2.0 படத்தையே ஓட்டும் முறையை வரையறுத்ததும் பிபெல்லின் தேவை குறைந்துபோனது.

இஎஸ்பி எனப்படும் நிறுவனச் சேவைப் பாட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செய்தியை இங்கிருந்து அங்கே கொண்டுபோகட்டும், வடிவம் மாற்றட்டும். முடிவெடுக்கும் வேலையை அதற்குள் வைத்தவர்கள் பின்னால் வருந்தினார்கள்.

2014இல் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபௌலரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, மென்பொருளைச் சின்னச் சின்னத் தனிச் சேவைகளாகக் கட்டும் முறைக்கு மைக்ரோசர்வீஸ் என்ற பெயர் எங்கும் பரவியது. அப்போது பலர் மையமாக ஓர் எஞ்சின் எதற்கு, சேவைகள் நிகழ்வுகளை அறிவிக்கட்டும், வேண்டியவை கேட்டுக்கொள்ளட்டும் என்றார்கள். 'கோரிக்கை பதிவானது' என்று ஒரு சேவை அறிவிக்கும். கேட்ட மற்றவை தம் வேலையைச் செய்யும். இரண்டு மூன்று சேவைகளுக்கு இது அருமை. பத்துச் சேவைகள் ஆனதும், 'இந்தக் கோரிக்கை இப்போது எங்கே நிற்கிறது?' என்ற சாதாரணக் கேள்விக்கு எந்தச் சேவையிடமும் முழு விடை இருக்காது. நெட்ஃப்ளிக்ஸ் இந்தத் தேவைக்காகத் தானே எழுதிய கண்டக்டர் என்ற ஒருங்கிணைப்பு எஞ்சினை 2016இல் திறமூலமாக வெளியிட்டது. கமுண்டா, டெம்போரல் போன்றவையும் இன்று இதே வேலைக்குப் பயன்படுகின்றன. டெம்போரலில் படத்துக்குப் பதில் நிரலாகவே செயல்முறையை எழுதுவார்கள். பெயர்கள் மாறியிருக்கின்றன, பிரிக்கும் கோடு அதே இடத்தில்தான் இருக்கிறது.

விற்பவர்கள் சொல்வதும் நடப்பதும்

இந்தக் கருவிகளை விற்பவர்கள் இருபது வருடமாக ஒன்றைச் சொல்லிவருகிறார்கள்: வணிகத் துறையினரே படம் வரைவார்கள், நிரலாளரே தேவையில்லை. நான் இதை நம்பவில்லை. படத்தின் மேற்பரப்பு எளிது. தரவு எப்படிப் போகிறது, சேவை பதில் தராவிட்டால் என்ன, ஒரே கோரிக்கையில் இரண்டு செய்தி ஒன்றாக வந்தால் என்ன என்பவை நிரலாக்கக் கேள்விகள்தான். வணிகத் துறையினர் அந்தப் படத்தைப் படிக்க முடியும், அதுதான் உண்மையில் கிடைப்பது. மேலாளர் திரையைப் பார்த்து, 'இல்லை, போட்டோ நிராகரிக்கப்பட்டால் திரும்பச் சர்வேக்குப் போக வேண்டும், நீங்கள் அதை விட்டுவிட்டீர்கள்' என்று விரல் வைத்துக் காட்டுவார். ஓடுவதும் அவர் பார்ப்பதும் ஒரே படம் என்பதால், அறுபது பக்கத் தேவை ஆவணத்தில் தப்பிப்போகும் பிழை இங்கே ஒரு கூட்டத்திலேயே பிடிபடும்.

அதேபோல எல்லாவற்றுக்கும் எஞ்சின் வேண்டியதில்லை. காத்திருப்பு இல்லை, மனிதர் இல்லை, மூன்று படி, சில விநாடியில் முடிந்துவிடும் என்றால் சாதாரண நிரலே போதும். எஞ்சினைச் சேர்த்தால் பராமரிக்க இன்னொரு சர்வர் கூடும், அவ்வளவுதான்.

தொடங்க நினைப்பவர்கள் முதலில் சேவைப் பட்டியல் போட உட்காராமல் இருப்பது நல்லது. நிறுவனம் முழுவதற்கும் சேவைகளை வரையறுக்கப் போய், ஒரு வருடம் கழித்து யாரும் அழைக்காத சேவைகளோடு நின்ற திட்டங்கள் உண்டு. பல துறைகளைத் தாண்டிப் போகும், நடுவில் காத்திருக்கும், அடிக்கடி மாறும் ஒரே ஒரு செயல்முறையை எடுங்கள். அதற்கு ஒரே உரிமையாளர் இருக்க வேண்டும். துறைக்கு ஒருவர் என்றால் சாய்சதுரம் போடும் ஒவ்வொரு முறையும் மூன்று துறைத் தலைவர்களின் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும். அந்தச் செயல்முறை கேட்கும் சேவைகளை மட்டும் முதலில் செய்யுங்கள். அடுத்த செயல்முறையை எடுக்கும்போது பாலிசி சரிபார்ப்பு ஏற்கெனவே தயாராக இருக்கும்.

முதல் பதிப்பில் எதையும் புத்திசாலித்தனமாக மாற்ற வேண்டாம். இப்போது நடப்பதை நடக்கிறபடியே வரைந்து, பாதிப் படிகள் மனிதர் செய்பவையாகவே இருந்தாலும் எஞ்சினில் ஓட விடுங்கள். ஒவ்வொரு கோரிக்கையும் ஒவ்வொரு படிக்கும் எப்போது வந்தது, எப்போது போனது என்ற பதிவு தானாகவே சேரும். சில வாரம் கழித்து அதைத் திறந்து பார்த்தால், யாரும் வேலை செய்யாமல் கோரிக்கை ஒருவரின் பட்டியலில் சும்மா கிடக்கும் நேரம் எந்தப் படியில் அதிகம் என்று தெரியும். எந்தச் செவ்வகத்தை முதலில் தானியங்கிச் சேவையாக்குவது என்பதை அதைப் பார்த்து முடிவுசெய்யலாம்.